அசையாத முகம்

"சனிக்கிழமை பூஜைக்கு வர்றேன்" என்று ஹேராதேவி போன வாரம் தொலைபேசியில் சொன்னதிலிருந்து, நகைக்கடை ஞானரத்னா சாக்யாவின் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

பார்க்கப்போனால் எல்லாம் கூடி வந்த சம்பந்தம்தான். பையன் பிபுலும் ஞானரத்னாவின் பெண் லசதாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார்கள். அவன் கணக்கு வாத்தியார், இவள் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள். அவனுக்கு இவளைப் பிடித்திருக்கிறது, இவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது, ஜாதகமும் பொருந்திவிட்டது. பையனின் அம்மா ஹேராதேவிக்குத்தான் ஒரு பயம்.

அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, எங்கள் ஊர் சிலுபஹாவின் முற்றத்தில் மேயும் புறாக்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம். லசதா சின்ன வயதில் இந்த ஊர்க் குமாரியாக, ஊரே கும்பிடும் உயிருள்ள சாமியாக இருந்தவள். சாமியாக இருந்து இறங்கிய பெண்ணைக் கட்டுகிறவன் சீக்கிரம் செத்துவிடுவான் என்று ஒரு பேச்சு. யார் செத்தார்கள், எப்போது செத்தார்கள் என்று கேட்டால் ஒருவரும் பேர் சொல்ல மாட்டார்கள். பேச்சு மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சாகாமல் இருக்கிறது.

ஹேராதேவி புருஷனைப் பறிகொடுத்தவர். இருப்பது ஒரே மகன்.

"உங்க வீட்லயே சாமி உக்காந்திருக்கா. நான் அவகிட்டயே கேட்டுக்கறேன். அவ சரின்னா எனக்கும் சரி" என்று முடித்துவிட்டார்.

அந்தச் சாமி வேறு யாருமில்லை, லசதாவின் தங்கை புன்ஹி. அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே பதினைந்து வருட இடைவெளி. ஊர் அதைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் அப்போதே பேசி முடித்துவிட்டது. மூன்று வருடங்களுக்கு முன் பூசாரி குருஜு வந்து குழந்தையின் உடம்பில் தழும்பு இல்லை, மச்சம் இல்லை, இருட்டைக் கண்டால் பயம் இல்லை என்று பார்த்துப் பீடத்தில் ஏற்றிவிட்டார்.

சாமி வாய்திறந்து குறி சொல்லாது. முகத்தைத்தான் பார்க்க வேண்டும். பூஜையின்போது அழுதாலோ கண்ணைக் கசக்கினாலோ, கேட்டவர் வீட்டில் சாவு. படையலைக் கிள்ளித் தின்றால் கைப்பொருள் போகும். ஒன்றுமே செய்யாமல் சிலையாக உட்கார்ந்திருந்தால் நினைத்தது நடக்கும். ஆறு வயதுக் குழந்தை ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் அது தெய்வச் செயல் இல்லாமல் வேறென்ன?

ஆக, லசதாவின் கல்யாணம் புன்ஹியின் முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

*

சனிக்கிழமை காலை. நானிசோபா சின்ன மகளுக்கு முன்னால் மண்டியிட்டு, நெற்றியில் மூன்றாவது கண்ணை எழுதிக்கொண்டிருந்தாள்.

"தேவி, தலையைக் கொஞ்சம் நிமித்துங்க. மை இன்னும் காயல."

புன்ஹி நிமிர்த்தினாள்.

"ஒரு வாய் பால் குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"முட்டை? காலையில ஒரு கடி கடிச்சிட்டு அப்படியே வச்சிட்டீங்களே. உடம்பு சரியில்லையா?"

அதற்கும் தலையாட்டல்தான். நானிசோபா மேற்கொண்டு கேட்கவில்லை. பத்து மாதம் சுமந்து பெற்றவள்தான். ஆனாலும் மூன்று வருடமாக வாங்க, போங்க என்றுதான் பேச்சு. திட்டியது கிடையாது, கை ஓங்கியது கிடையாது. மடியில் போட்டுக் கொஞ்சக்கூடக் கை கூசும். காலையில் எழுந்ததும் கணவனும் மனைவியும் அந்தப் பிஞ்சுக் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

லசதா மட்டும் அறைக்கதவு சாத்தியிருந்தால் "ஏய் குள்ளச்சி" என்பாள். திறந்திருந்தால் அவளும் "தேவி"தான்.

அவள் இப்போது வாசற்படிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அப்பா அம்மாவுக்குத் தெரியாத ஒரு சங்கதி அவளுக்குத் தெரியும். புன்ஹிக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் ஆடுகிறது.

காத்மாண்டுவின் பெரிய குமாரிக்கு வேறு கணக்கு. எங்கள் சிலுபஹாவில் முதல் பால்பல் விழும்வரைதான் சாமி. விழுந்துவிட்டால் குருஜு வந்து நகைகளைக் கழற்றிவிட்டு, வேறு வீட்டில் வேறு குழந்தையைத் தேடப் போய்விடுவார்.

இந்த வாரத் தொடக்கத்தில் தலை பின்னும்போதுதான் லசதா அதைப் பார்த்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. நேற்றுக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு தங்கையிடம் சொன்னாள்.

"நாக்கால அதை நோண்டாத. நாளைக்கு அந்தம்மா கிளம்பிப் போற வரைக்கும் தாங்கணும். அப்புறம் எப்ப வேணா விழட்டும்."

"முன்னாடியே விழுந்துட்டா?"

"விழுந்துட்டா சாமி போயிடும். சாமி போயிட்டா உங்க அக்கா கல்யாணமும் போயிடும். நான் இந்த வீட்லயே உக்காந்து உன் உயிரை வாங்கிக்கிட்டே கிழவியாயிடுவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். புன்ஹி சிரிக்கவில்லை. சாமிகள் சிரிக்கக்கூடாது என்று பழகிப்போனதால் லசதா அதைக் கவனிக்கவில்லை.

*

ஹேராதேவி சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒடிசலான உடம்பு, கனத்த மூக்குக்கண்ணாடி, கம்பளிச் சால்வை. படியேறும்போது ஞானரத்னா, "பார்த்து, பார்த்து, மரப்படி வழுக்கும்" என்று பின்னாலேயே வந்தார். அவருக்குத்தான் கால் வழுக்கியது.

"நீங்க பார்த்து வாங்க, நகைக்கடைக்காரரே" என்றார் ஹேராதேவி.

புன்ஹி பீடத்தில் இருந்தாள். சிவப்புப் பட்டு, உச்சிக்கொண்டை, கழுத்தில் வெள்ளி நாகம், காதுவரை இழுத்த மை. ஹேராதேவி தாம்பாளத்தில் அந்தக் கால்களை வைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார். குங்குமம் இட்டார். பூவைத் தூவினார். அவித்த முட்டை, மீன், இஞ்சித் துண்டு, அவல், தயிர் என்று படையலை வைத்தார். அப்புறம் காலில் நெற்றியை வைத்தவர்தான், எடுக்கவே இல்லை.

அறையில் விளக்குத் திரி பொரிவது மட்டும் கேட்டது.

ஒரு ஈ வந்தது. படையலைச் சுற்றியது, தயிரை முகர்ந்தது, பிறகு நேராகப் போய்ச் சாமியின் கன்னத்தில் உட்கார்ந்தது. ஞானரத்னாவின் கை தன்னையறியாமல் மேலே எழுந்தது. நானிசோபா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஈ கன்னத்திலிருந்து உதட்டோரத்துக்கு நடந்தது. லசதாவுக்குத் தன் கன்னத்தில் அரித்தது.

புன்ஹி இமைக்கவில்லை. உதடுகளை இறுக்கி மூடி, ஹேராதேவியின் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஈ சலித்துப்போய்ப் பறந்தது.

ஹேராதேவியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்தது. பூஜை செய்கிறவர் அழலாம், அதற்குத் தோஷமில்லை. ஒருவழியாகத் தலையை நிமிர்த்தியபோது, சாமி குங்குமத்தைத் தொட்டு அவர் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தது. விரல் நடுங்கவில்லை.

"போதும் தாயே" என்றார் ஹேராதேவி. "எனக்கு இது போதும்."

கிளம்பும்போது வாசலில் நின்று லசதாவின் கன்னத்தைத் தொட்டார்.

"நாளைக்குப் பிறந்தா மலமாசம். ஒரு மாசத்துக்கு நல்ல காரியம் ஒண்ணும் பண்ண முடியாது. நான் காத்திருக்கப் போறதில்ல. சாயங்காலமே பாக்கோட வர்றேன். நீ தயாரா இரு."

எங்கள் ஜனத்தில் பாக்கு வாங்கிவிட்டால் பெண் அந்த வீட்டுக்குச் சொந்தம். பிறகு பேச்சு மாறக்கூடாது.

அவர் முற்றத்தைத் தாண்டியதும் ஞானரத்னா துள்ளிக் குதிக்காத குறைதான்.

"பார்த்தியாடி நானி? மலை மாதிரில்ல உக்காந்திருந்தா! முட்டையை ஏறெடுத்துப் பாக்கல. ஈயைத் தட்டல. என்னோட ஆயுசுல இப்படி ஒரு பூஜையைப் பார்த்ததில்ல!"

"கண்ணு போடாதீங்க. போய் வெல்லமும் உளுந்தும் வாங்கிட்டு வாங்க."

*

லசதா தங்கையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"ஏய் குள்ளச்சி! என்ன அருமையா உக்காந்திருந்தடி! அந்த ஈயை எப்படித் தாங்கின?"

புன்ஹி அக்காவின் கையைப் பிடித்து விரித்தாள். குனிந்து, அந்த உள்ளங்கையில் துப்பினாள்.

எச்சிலும் ரத்தமுமாக, அரிசி அளவில் ஒரு பல்.

"காலையில முட்டையைக் கடிச்சேன்ல, அப்பவே விழுந்துடுச்சு. அம்மா பாக்கல. நான் வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "ரத்தம் வந்துச்சு. அதையும் முழுங்கிட்டேன். உனக்குக் கல்யாணம் ஆயிடும்ல?"

பூஜை முழுக்க அந்தப் பல்லை ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது இந்தக் குழந்தை. முகம் அசையாதது அதனால்தான். வாயைத் திறந்தால் பல் விழுந்துவிடும். ஹேராதேவி கண்ணீரால் நனைத்த கால், சாமியின் கால் இல்லை. பல் விழுந்து, சாமி போய், வெறும் புன்ஹியாகிவிட்ட புன்ஹியின் கால்.

"கோவமா அக்கா?"

"இல்லடி" என்று இழுத்து அணைத்துக்கொண்டாள். "இல்ல. நான்தான் மக்கு. உன்கிட்டப் போய் அப்படிச் சொல்லியிருக்கேன் பாரு."

வாய் கொப்பளிக்க வைத்தாள். பல்லைத் துடைத்துக் கைக்குட்டை முனையில் முடிந்தாள். பால்பல்லை எலி வளையில் போடுவார்கள், நல்ல பல் முளைக்க. அதைச் செய்யக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

*

"சொல்லாத" என்றான் பிபுல் தொலைபேசியில், யோசிக்கக்கூட இல்லாமல்.

"எப்படிச் சொல்லாம இருக்கறது? உங்க அம்மா சாமின்னு நம்பிக் கும்பிட்டுட்டுப் போயிருக்காங்க."

"லசதா, நீ இதையெல்லாம் நம்பறியா? உன்னைக் கட்டினா நான் செத்துடுவேன்னு நம்பறியா?"

"இல்ல."

"நானும் நம்பல. அம்மா ஒருத்திதான் நம்பறா. காலையில வீட்டுக்கு வந்து என்ன செஞ்சா தெரியுமா? பாட்டுப் பாடிக்கிட்டே துணி துவைச்சா. அப்பா போனதுக்கப்புறம் அவ பாடி நான் கேட்டதில்ல. அதைக் கெடுக்கணுமா?"

"நாளைக்கு உனக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும்..."

"வந்தா மாத்திரை போடுவேன். சைக்கிள்ல இருந்து விழுந்தாலும் எழுந்து துடைச்சுக்குவேன். சொன்னாத்தான் உன் தலையில விழும். சொல்லாம இருந்தா, சாமியே சரின்னுடுச்சுன்னு அம்மா நிம்மதியா இருப்பா."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அதுதான் லசதாவுக்கு எரிச்சலாக இருந்தது. சரி என்று தொலைபேசியை வைத்துவிட்டாள். வைத்த பிறகு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. துணியை மடித்தாள். மடித்ததையே பிரித்து மடித்தாள்.

அடுப்படியில் நானிசோபா உளுந்து மாவைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கக் கடுகெண்ணெய் வாசனை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"என்ன, பச்சைப் புடவையா, சிவப்பா? சிவப்பே கட்டு."

"அது இல்லம்மா. புன்ஹி..."

"பேரைச் சொல்லாத! யார் காதுலயாவது விழப்போகுது." கரண்டியை ஆட்டினாள். "தேவி அசதியா தூங்கறாங்க, நானே போய்ப் பார்த்தேன். எழுந்ததும் அலங்காரத்தைச் சரிபண்ணி மறுபடி பீடத்துல வைக்கணும். பாக்கு சாமி முன்னாடிதான் மாத்தணும்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க. நீ போய்த் தலை வாரு. கல்யாணப் பொண்ணு அடுப்படியில நின்னா முகம் கறுத்துடும்."

அம்மாவின் முகத்தில் வியர்வையும் சந்தோஷமும். லசதா திரும்பி வந்துவிட்டாள். படியில் அப்பா யாருக்கோ தொலைபேசியில், "ஈ உக்காந்தது மாமா, ஈ! கன்னத்துல! அசையணுமே!" என்று கத்திக்கொண்டிருந்தார். இது அவருடைய எத்தனையாவது ஈயோ தெரியாது.

சொல்லாமல் இருந்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு லசதா சிவப்புப் புடவையைக் கட்டினாள்.

*

வெயில் இறங்கி, கூரை ஓடுகள் மட்டும் பளபளத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஹேராதேவி வந்தார். பித்தளைத் தட்டில் வெள்ளிச் சிமிழ், அதற்குள் பாக்கு. மேலே சிவப்புத் துணி. பிபுலை அழைத்துவரவில்லை, அது வழக்கமில்லை.

புன்ஹி பீடத்தில் இருந்தாள். பகல் தூக்கத்தில் ஒரு பக்கத்து மை கலைந்து, அம்மா திரும்ப எழுதியிருந்தாள். வாய் மட்டும் காலையைப்போலவே இறுக மூடியிருந்தது.

"என் பக்கத்துல உக்காரும்மா" என்றார் ஹேராதேவி. லசதா உட்கார்ந்தாள். ஞானரத்னாவும் நானிசோபாவும் எதிரே பாயில்.

"உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லிடறேன். என்மேல உனக்கு வருத்தம் இருக்கும். படிச்ச பொண்ணு, உன்னைப் பார்த்துப் பயந்தேனேன்னு."

"அதெல்லாம் இல்லைங்க."

"இருக்கும். இருந்தாலும் தப்பில்ல. பிபுலோட அப்பா ராத்திரி படுத்தவர் காலையில எழுந்திருக்கல. பக்கத்துல படுத்திருந்த எனக்கே தெரியல. அன்னையிலேருந்து நான் முழுசாத் தூங்கினதில்லம்மா. எழுந்து எழுந்து போய்ப் பையன் மூக்குல கை வச்சுப் பார்ப்பேன். வாலிபப் பையன், கல்லூரி முடிச்சவன், அவனுக்குக் கோவம் வரும். கதவைத் தாழ் போட்டுக்குவான். நான் கதவுல காதை வச்சுக்கிட்டு நிப்பேன்."

லேசாகச் சிரித்தார்.

"இன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தேன். எழுந்தப்ப மணி நாலு. ஒரு தடவைகூட எழுந்திருக்கல. உன் தங்கச்சி போட்ட பொட்டு இது." நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இனிமே எனக்குப் பயமில்ல. எம்பிள்ளையை உன்கிட்டக் குடுத்துட்டு நிம்மதியா இருப்பேன். கையை நீட்டு."

சிவப்புத் துணியை விலக்கி, சிமிழை எடுத்தார்.

லசதாவின் கை பாதிவரை வந்தது.

இந்த அம்மாவின் தூக்கத்தைத் திருடிக்கொண்டு எப்படி அந்த வீட்டில் வாழ்வது? தினம் காலையில் எந்த முகத்தோடு இவருக்குத் தேநீர் கொடுப்பது? பயந்த மாமியாரோடு சண்டை போடலாம், சமாதானம் ஆகலாம். ஏமாந்த மாமியாரின் கண்ணைப் பார்க்கவே முடியாது. அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

"எனக்கு இந்தப் பாக்கு வேணுங்க" என்றாள். "பிபுலும் வேணும். ஆனா நான் சொல்றதைக் கேட்டுட்டு, அப்புறம் குடுங்க."

"லசதா!" என்றார் ஞானரத்னா.

அவள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, பித்தளைத் தட்டில் வைத்தாள்.

"இது காலையில விழுந்துடுச்சு. நீங்க வர்றதுக்கு முன்னாடி. அவ வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, என் கல்யாணம் நிக்கக்கூடாதுன்னு. பல்லு ஆடறது எனக்கு முன்னாலேயே தெரியும். அவ மனசுல இதைப் போட்டதும் நான்தான். அப்பா அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

ஹேராதேவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தட்டைப் பார்த்தார். பிறகு பீடத்தைப் பார்த்தார்.

நானிசோபா எழுந்தாள். பீடத்துக்குப் போய், மகளின் முகவாயைப் பிடித்து, "வாயைத் திறங்க... திற" என்றாள்.

புன்ஹி திறந்தாள். கீழ்வரிசையில் ஓட்டை.

"அடிப் பாவி! இதை வச்சுக்கிட்டா உக்காந்திருந்த? சாமி காரியத்துலயா விளையாடற? நம்ம குடியைக் கெடுக்கவாடி வந்த?"

பளாரென்று ஓர் அறை.

மூன்று வருடமாகக் கும்பிட்ட கை. அடித்துவிட்டு அந்தக் கையை நானிசோபாவே வெறித்துப் பார்த்தாள். புன்ஹிக்கு என்ன நடந்தது என்றே முதலில் புரியவில்லை. அவள் நினைவு தெரிந்து யாரும் அவளை அடித்ததில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் உதடு பிதுங்கி, மை கரைந்து, பெரிதாக அழத் தொடங்கினாள்.

சாமியின் அழுகை. கேட்டு வந்தவர் எதிரிலேயே, பாக்குத் தட்டுக்கு முன்னாலேயே.

ஞானரத்னா பாய்ந்து ஓடினார். "அழாதீங்க தேவி, அழாதீங்க. ஐயோ, கண்ணைக் கசக்காதீங்க!" கையால் அவள் வாயைப் பொத்தப் பார்த்தார். பொத்தவும் பயம், விடவும் பயம்.

"ஒண்ணுமில்லம்மா" என்று ஹேராதேவியின் பக்கம் திரும்பினார். "இது கணக்குல வராது. பல்லு விழுந்தாச்சுல்ல, இனிமே இவ சாமி இல்ல. வெறும் குழந்தை. குழந்தை அழத்தானே செய்யும்?"

"சாமி இல்லையா?" என்றார் ஹேராதேவி மெதுவாக. "அப்ப காலையில எனக்குப் பொட்டு வச்சது யாரு?"

"குருஜு வந்து நகையைக் கழட்டற வரைக்கும் அவ சாமிதாங்க" என்றாள் நானிசோபா அவசரமாக. "அதுதான் முறை. அதனால காலையில குடுத்த வரம் வரம்தான்." சொல்லி முடித்த பிறகுதான், தான் அடித்தது யாரை என்று உறைத்தது. அப்படியே பீடத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலையில சாமின்னா இப்பவும் சாமி" என்றார் ஹேராதேவி. "இப்ப சாமி இல்லன்னா காலையிலயும் இல்ல. காலையில உக்காந்ததுக்கு ஒண்ணு, இப்ப அழறதுக்கு ஒண்ணுன்னு வச்சுக்க முடியுமா? நீங்களே எதுன்னு சொல்லுங்க. எனக்கு இருக்கறது ஒத்தைப் பிள்ளை."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். புன்ஹி விக்கிக்கொண்டே எல்லாரையும் மாறிமாறிப் பார்த்தாள். தன் அழுகையால்தான் என்னமோ கெட்டுப்போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டாள். மூச்சை அடக்க, முகம் சிவந்தது. உடம்பு மட்டும் உள்ளுக்குள் குலுங்கியது.

"அப்படித்தான், அப்படித்தான்" என்றார் ஞானரத்னா கெஞ்சலாக. "அடக்கிக்கங்க. இன்னும் கொஞ்சம்."

லசதாவால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. எழுந்தாள். பீடத்திலிருந்து தங்கையைத் தூக்கினாள். வெள்ளி நாகம் தோளில் குத்தியது.

"அக்கா, நான் அழல" என்றாள் புன்ஹி விரல்களுக்கு நடுவே. "நான் அழல அக்கா. பாரு, நிறுத்திட்டேன்."

லசதா அந்தச் சின்னக் கைகளை வாயிலிருந்து விலக்கினாள். ஹேராதேவி தன்னைத்தான் பார்க்கிறார் என்று தெரியும். அடுத்த விசும்பலுக்கு என்ன விலை என்றும் தெரியும்.

"அழுடி" என்றாள். "வலிச்சா அழு. நல்லா அழு."

புன்ஹி அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஓட்டைப் பல் தெரிய, வாயைத் திறந்து கத்தி அழுதாள். முற்றத்தில் யாரோ நடப்பதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். ஞானரத்னா ஜன்னலைச் சாத்த ஓடினார்.

ஹேராதேவி தட்டைத் தொடவில்லை. எழுந்து போகவும் இல்லை. சிமிழை மடியில் வைத்துக்கொண்டு, அழும் குழந்தையையும் அதைச் சுமந்து நின்ற பெண்ணையும் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.